குறட்டைக்கு ஒரு வீடு

அடி அண்ணாமலை போகும் டவுன் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டார்: "உங்க வீட்ல யாராவது குறட்டை விடுவாங்களாம்மா?"

அம்மாள் மடியிலிருந்த கூடையில் ஒரு பக் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை வளர்க்கக் கேட்டு வந்தவள். பின்சீட்டிலிருந்த எனக்கோ நாய் எலி அளவு இருந்தாலும் உள்ளங்கை வேர்க்கும். நடுவில் முன்சீட்டின் முதுகுத் தகரம் இருந்தும் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"எதுக்குக்கா கேக்கறீங்க?"

"கிரிவலப் பாதையில யாரோ விட்டுட்டுப் போனது. தேத்தி எடுத்து ரெண்டு வீட்ல குடுத்தேன். தூங்க முடியலைன்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. சப்பை மூக்காச்சே, சத்தம் ஜாஸ்தி. மறுபடியும் திரும்பி வந்தா இவன் தாங்கமாட்டான். அதான் குறட்டை பழகின வீடாத் தேடறேன்."

"பொண்ணு குடுக்கறவங்ககூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கக்கா."

"அவங்க பொண்ணு வாயத் தொறந்து சொல்லிடும். இவன் சொல்லுவானா?"

பயத்திலும் அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

"எங்க வீட்டுக்காரர் விடுவாருக்கா. இப்ப சவுதிக்கு வேலைக்குப் போயிட்டாரு. வீடே கம்முனு கெடக்குது. எனக்குத்தான் தூக்கம் வர்றதில்லை."

அம்மாள் கூடையை அவள் மடிக்கு மாற்றினார்.

"மூஞ்சி மடிப்பை மட்டும் தினமும் துடைச்சி விடும்மா."