கழுத்தோரத்துக்கு ஒரு பிளேடு

அக்கா: என்னடி இது, கதவுக்கு வார்னிஷ் அடிக்கிற பிரஷ்ஷா?

தங்கை: ஷேவிங் பிரஷ்.

அக்கா: யாருக்கு?

தங்கை: எனக்கு. காலுக்கு. உள்ள வர்றதா இருந்தா வந்து கதவைச் சாத்து. அத்தான் ஹால்ல இருக்காரு.

அக்கா: நாளைக்கழிச்சு எனக்கு ஆபரேஷன். துணைக்கு இருக்கேன்னு பெட்டியத் தூக்கிட்டு வந்தவ, பாத்ரூம்ல முக்காலி போட்டு காலை நீட்டிட்டு உக்காந்திருக்கா. ரொம்ப நல்ல துணை!

தங்கை: ஆபரேஷன் நடந்தா தானே துணை. இதுவரைக்கும் மூணு தேதி குடுத்தாங்க. மூணையும் தள்ளிப் போட்டாச்சு.

அக்கா: ஸ்கூல்ல பரீட்சை இருந்துச்சு.

தங்கை: மூணு தடவையுமா?

அக்கா: ஒரு தடவை சளி. பேச்சை மாத்தாத. அது என்ன கிண்ணம்?

தங்கை: சோப்புல நுரை எடுக்க.

அக்கா: கிண்ணம், பிரஷ்ஷு, துண்டு, ரேசர்... புதுசா வீடு மாறினப்போ கூட நீ இவ்வளவு சாமான் வாங்கலையே. நாப்பத்தோரு வயசுல உன் காலை யாரு பாக்கப் போறா?

தங்கை: நான் பாப்பேன். குனிஞ்சா தெரியுது.

அக்கா: அதுக்கு பிளாஸ்டிக்ல ஒண்ணு விக்கறானே, ரோஸ் கலர்ல...

தங்கை: ரெண்டு தடவைல மழுங்கிடுது. எரிச்சல் வேற. இது இரும்பு, ஒரு தடவை வாங்கினா போதும். பிளேடை மட்டும் மாத்திக்கலாம். எல்லாம் இந்தச் சீட்டுல போட்டிருக்கு. முதல்ல வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் ஊறணும்...

அக்கா: ஊறணுமா? நீ என்ன அழுக்குத் துணியா?

தங்கை: முடி மெத்துனு ஆகுமாம். அப்புறம் பிரஷ்ஷை நனைச்சு, உதறி, சோப்பு மேல வட்டமா...

அக்கா: உதறின லட்சணத்தைப் பாரு! சுவரெல்லாம் தண்ணி. நீ நுரை எடுக்கறியா, வெள்ளை அடிக்கறியா?

தங்கை: இரு, வருது.

அக்கா: வருது, வருது. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி வருது. இதைக் கால்ல பூசினா வழிஞ்சு ஓடிடும்.

தங்கை: தண்ணி அதிகமாயிடுச்சு போல. இன்னும் கொஞ்சம் சோப்பு எடுத்தா... பாரு, இப்போ கெட்டியா நிக்குதா இல்லையா?

அக்கா: நிக்குது. உனக்கு மாலை வாங்கிட்டு வரவா?

தங்கை: ரேசரைக் குடு, பிளேடு மாட்டணும். ஓரத்தைத் தொடாம ரெண்டு முனையைப் பிடிச்சு... இப்படி... மூடியைப் போட்டுத் திருகினா...

அக்கா: ஏய், நிறுத்து. நடுத் தகட்டைத் தலைகீழா வெச்சிருக்க.

தங்கை: இல்லையே.

அக்கா: இல்லையேவா? மேடான பக்கம் பிளேடைப் பாத்து இருக்கணும். இப்படியே இழுத்திருந்தேன்னா ஆபரேஷன் முதல்ல உனக்குத் தான். குடு இங்க. தகடு... பிளேடு... மூடி. இப்போ திருகு. ரெண்டு பக்கமும் சமமா வெளிய தெரியுதான்னு பாரு. ஒரு பக்கம் தூக்கிட்டு இருந்தா கிழிச்சுடும்.

தங்கை: கண்ணை மூடிட்டே மாட்டுவ போலிருக்கே. உனக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?

அக்கா: வீட்டுல ஆம்பளைன்னு ஒருத்தர் இருக்காருல்ல. பதினேழு வருஷமா பாக்கறேன்.

தங்கை: அத்தான் தான் தாடி விட்டுட்டாரே.

அக்கா: அந்தக் கண்றாவியை ஏன் கேக்கற! ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள் காலைல, இனிமே வழிக்கப் போறதில்லன்னாரு. ஏன்னு கேட்டா, சும்மா, ஆசையா இருக்குங்கறாரு. ஆசையைப் பாரு! அடர்த்தியா வந்தாலாவது ஒரு களை இருக்கும். இங்க ஒரு கொத்து, அங்க ஒரு கொத்து. ஆட்டுத்தாடி. அதுல டீ சிந்தினா துடைக்கக் கூடத் தெரியாது.

தங்கை: எனக்குப் பிடிச்சிருக்கு.

அக்கா: அப்போ உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.

அத்தான்: (வெளியிலிருந்து) உள்ள என்ன சத்தம்? நான் கடைக்குப் போறேன். இந்தத் தடவையும் மொட்டை பிளேடா குடுத்துட்டான். அவனை ஒரு வழி பண்ணிட்டு வரேன். உங்களுக்கு எதுவும் வேணுமா?

அக்கா: ஒண்ணும் வேணாம்! போயிட்டு வாங்க!

தங்கை: தாடி வெச்சவருக்கு பிளேடு எதுக்கு?

அக்கா: கழுத்தோரம் ஒதுக்கறாராம். அந்த ரெண்டு விரக்கடை இடத்துக்கு வாரம் ஒரு புது பிளேடு. கடைக்காரனோட வாராவாரம் சண்டை. பால் வாங்கப் போனாலும் அப்படித்தான். தெருமுனைல கடை, போயிட்டு வர இருபது நிமிஷம். வழியில போற நாய்கிட்ட கூட நலம் விசாரிப்பாரு.

தங்கை: சரி, நான் ஆரம்பிக்கறேன். சீட்டுல, ரேசரைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு, முடி வளர்ற பக்கமாவே... ஸ்ஸ்... ஆ!

அக்கா: கிழிச்சாச்சா? சந்தோஷமா?

தங்கை: லேசா தான்.

அக்கா: முதல் இழுப்புலயே ரத்தம். கரண்டி வெச்சு அடிப்பிடிச்ச பாத்திரத்தைச் சுரண்டற மாதிரி அழுத்தினா? அதோட கனமே போதும்டி, கையைச் சும்மா வெச்சா தானா போகும். நீளமா இழுக்காத. குட்டிக் குட்டியா. ஒவ்வொரு தடவையும் தண்ணில அலசு. நுரை இல்லாத இடத்துல திரும்ப வைக்காத... வைக்காதன்னு சொல்றேன்ல!

தங்கை: விட்டுப் போன முடி ரெண்டு...

அக்கா: திரும்ப நுரை போட்டு எடு. இது முழங்கால், பரவால்ல, தாங்கும். தாடைல இப்படி ஒரே இடத்துல மூணு தடவை இழுத்துப் பாரு, நாள் முழுக்க எரியும். மேல் உதட்டுக்கு உள்ளேருந்து நாக்கால முட்டுக் குடுக்கணும். கழுத்துக்கு இன்னும் பொறுமை வேணும். வலது பக்கம் கீழ் நோக்கி வளரும், இடது பக்கம் குறுக்கால வளரும், தடவிப் பாத்துட்டுத் தான்...

தங்கை: யாரோட கழுத்துல?

அக்கா: ...பொதுவா சொன்னேன்.

தங்கை: பொதுவா இடது பக்கம் குறுக்கால வளருமா?

அக்கா: அவரோடது.

தங்கை: அத்தான் நாக்கால முட்டுக் குடுக்கறது உனக்கு வெளிய இருந்து தெரியுதா?

அக்கா: கால்ல ரத்தம் வருது, துடை. பெரிய துப்பறியும் புலி.

தங்கை: அக்கா.

அக்கா: என்ன?

தங்கை: ரெண்டு மாசம் முன்னாடி ஸ்கூல்ல வலி வந்து உன்னை ஆஸ்பத்திரில சேர்த்தப்போ நான் தான் கூட இருந்தேன். ரெண்டாவது நாளே போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்ட. மூணாவது நாள் காலைல டாக்டர் வர்றதுக்குள்ள, என் பொறுப்புல போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு எழுந்து வந்துட்ட. வாய்ல கைக்குட்டை. மருந்து நாத்தம் தாங்கலன்ன.

அக்கா: நாத்தம் தான்.

தங்கை: ஆட்டோல கைக்குட்டை நழுவிச்சு.

அக்கா: நீ பாத்தியா?

தங்கை: நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அக்கா: ஓ. அப்போ இவ்வளவு நேரம் நாடகமா? தகட்டைத் தலைகீழா வெச்சது, காலைக் கிழிச்சுக்கிட்டது எல்லாம்?

தங்கை: கிழிச்சுக்கிட்டது நிஜம். தகடும் நிஜம். காலுக்குன்னு சொன்னது தான் பொய். இங்க பாரு, மோவாய்க்கு அடியில. வெளிச்சத்துக்கு வா.

அக்கா: எங்க?

தங்கை: இங்க. போன வருஷத்துல இருந்து.

அக்கா: இதுவா? ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு. நாலு முடிடி! இந்த நாலு முடிக்கா கிண்ணமும் பிரஷ்ஷும்? வெக்கமா இல்ல உனக்கு? நானெல்லாம் இருபத்தி ரெண்டு வயசுல இருந்து... நாலு முடியாம்!

தங்கை: சிரிக்கறியா, அழறியா?

அக்கா: ரெண்டும் இல்ல. சோப்பு கண்ணுல பட்டுடுச்சு.

தங்கை: சோப்பு என் கைல இருக்கு.

அக்கா: வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கிளாஸுக்குப் போறேன், போர்டுல ஒரு படம். கண்ணாடி, கொண்டை, மீசை. நல்லா தான் வரைஞ்சிருந்தாங்க, அது வேற. நானே அழிச்சுட்டுக் கணக்குப் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் ஆரம்பிச்சது. கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குன்னு ஒரு ரேசர் வாங்கினா அதை எங்க ஒளிச்சு வைக்கறது? அவரோடதையே எடுத்துக்கிட்டேன். அவர் பால் வாங்கப் போற நேரம். நுரை போட்டா வாசனை காட்டிக் குடுத்துடும்னு வெறும் தண்ணி.

தங்கை: வெறும் தண்ணியா? பதினேழு வருஷமா? என்னை இவ்வளவு திட்டினியே, உனக்கு வெக்கமா இல்ல?

அக்கா: எரியும். பழகிடுச்சு.

தங்கை: முகத்தைக் காட்டு. பிரஷ் ஒண்ணும் கடிக்காது.

அக்கா: ஏய்... கூசுது... ஏய், மூக்குல போகுது!

தங்கை: ஆடாத. எப்படி இருக்கு?

அக்கா: ...வெதுவெதுன்னு இருக்கு.

தங்கை: இப்போ கேளு. நாலு நாள் வார்டுல இருக்கணும். தினம் காலைல திரை இழுத்து விட்டுட்டு நான் பண்ணி விடறேன். அதுக்குத் தான் கத்துக்கிட்டு இருக்கேன். என் நாலு முடி மேல பழகிட்டு உன்கிட்ட வரேன்.

அக்கா: இந்தக் கையாலயா? நான் கத்திக்குத் தப்பிச்சாலும் உன்கிட்ட தப்பிக்க மாட்டேன்.

தங்கை: அக்கா, விளையாட்டில்ல. பித்தப்பைல இருக்கற கல்லு நகர்ந்து குழாயை அடைச்சா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்கழிச்சு நீ வரணும்.

அக்கா: நீ சொல்றது சரி தான். ஆனா அந்த மனுஷன்? கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாருன்னா எழுந்திருக்கவே மாட்டாரு. திரைக்கு உள்ள தான் உக்காருவாரு. மயக்கத்துல கிடப்பேன், முகத்தைத் திருப்பிக்கக் கூட முடியாது. அவர் பாத்துட்டா... வலியைக் கூட பொறுத்துப்பேன்டி. அதைப் பொறுத்துக்க முடியாது. போன் போட்டு வேற தேதி கேளு.

தங்கை: நாலாவது தடவையா?

அக்கா: நாலாவது தடவை.

அத்தான்: (கதவுக்கு வெளியிலிருந்து) அதெல்லாம் கேக்க வேணாம்.

தங்கை: அத்தான்!

அக்கா: நீங்க... நீங்க கடைக்குப் போகலையா?

அத்தான்: பையைத் தேடிட்டு இருந்தேன்.

அக்கா: எவ்வளவு நேரமா?

அத்தான்: ஆட்டுத்தாடில இருந்து. கதவைத் திற.

அக்கா: திறக்க மாட்டேன். முகமெல்லாம் நுரை. நீங்க போங்க. பிளேடு வாங்கணும்ல, போய்ச் சண்டை போடுங்க.

அத்தான்: நான் அவனோட ஒரு நாளும் சண்டை போட்டதில்ல. நல்ல மனுஷன். என்னைப் பாத்ததும் புது பாக்கெட்டை எடுத்து வெச்சுடுவான்.

அக்கா: அப்போ மொட்டை பிளேடுன்னு வாராவாரம் கத்தினது?

அத்தான்: புதுசு மாட்டறதுக்கு ஒரு காரணம் சொல்லணும்ல.

அக்கா: கழுத்தோரம்?

அத்தான்: அது சலூன்ல. மாசம் ஒரு தடவை.

அக்கா: எப்போ இருந்து உங்களுக்கு...

அத்தான்: ரெண்டு வருஷம் முன்னாடி உனக்குத் தாடையெல்லாம் கொப்புளம் வந்துச்சே.

அக்கா: அது அலர்ஜி.

அத்தான்: அலர்ஜின்னு நீ சொன்ன. மருந்துக் கடைக்காரர்கிட்ட போய்ச் சொன்னேன். வீட்டுல ஒரே பிளேடை ரெண்டு பேர் போடறீங்களா, அப்படிப் போட்டா இது தீராதுன்னாரு. பேசாம களிம்பு வாங்கிட்டு வந்தேன்.

அக்கா: களிம்பு குடுத்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அத்தான்: கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பியா?

அக்கா: ...அதுக்காக?

அத்தான்: அதுக்காக என்ன. மறுநாள்ல இருந்து தான் இந்த ஆட்டுத்தாடி.