இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கை

பெயர்: ரோஸலிண்ட் தாக்வெல். வயது: 57. முகவரி: 4, டானர்ஸ் சந்து, ஸ்டோவர்பரி, ஷ்ராப்ஷயர். வேலை: நகராட்சி அலுவலகத்தில் தொலைபேசியில் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்வது.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே கண் பார்வை கிடையாது. ஹாலின்ஹர்ஸ்ட் காட்டுப் பாதையில் டெஸ்மண்ட் ஆர்கெட் இறந்துபோனது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படி மரண விசாரணை அதிகாரி கேட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல சார்ஜெண்ட் லின்டன் ஃபிரிஸ்பி எழுதிக்கொள்கிறார்.

டெஸ்மண்டை ஆறு வருடங்களாகத் தெரியும். எங்கள் ஊரில் பார்வை இல்லாதவர்களை இரட்டைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகும் சங்கம் ஒன்று இருக்கிறது. கண் தெரிந்தவர் முன்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரும் பிரேக்கும் பார்த்துக்கொள்வார், நாங்கள் பின்னால் உட்கார்ந்து மிதிப்போம். டெஸ்மண்ட் தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை அவர் மேடம் என்பார், நான் அவரை டிரைவரே என்பேன். வழியில் தெரிவதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார், பாதி பொய்யாக இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் சாலையில் ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனதில் என் முழங்கை கிழிந்தது. அதன் பிறகு அவர் மனைவி கிளெனிஸ், "இனிமே ரோட்டுப் பக்கம் போனீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கார் வராத பாதைகளில் மட்டுமே போய் வந்தோம். அப்படிப்பட்ட பாதைகளில் ஹாலின்ஹர்ஸ்ட் காட்டைச் சுற்றிப் போவதுதான் எங்களுக்குப் பிடித்தது. அங்கே பாதி தூரம் பழைய ரயில் தடம், மீதி காட்டுக்குள் போகும் மண் பாதை. பாதையின் இரண்டு முனைகளிலும் இரும்பு கேட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். சைக்கிளும் ஆளும் நுழைய ஓரத்தில் ஒரு சந்து இருக்கும்.

கடந்த அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காட்டைச் சுற்றிவிட்டு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு விடுதியில் தங்கி மறுநாள் திரும்புவதாகக் கிளம்பினோம். மாற்றுத் துணியும் பிளாஸ்கில் தேநீரும் கிளெனிஸ் செய்து கொடுத்த சீஸ் சாண்ட்விச்சும் பின்பையில் இருந்தன. கேட்டின் சந்தில் நீளமான வண்டியை வளைத்து நுழைத்த பிறகு டெஸ்மண்ட் உடனே ஏறவில்லை. கேட் கிறீச்சிட்டது, அதன் மேல் சாய்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். என்ன என்று கேட்டதற்கு, "காலையில தின்ன சாசேஜ் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு மேடம்" என்றார்.

அதன் பிறகு காட்டுக்குள் போனோம். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் டயர் இலை மேல் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "இடது பக்கம் மூணு ஒட்டகச்சிவிங்கி நிக்குது. ஒண்ணு உங்களையே முறைக்குது" என்றார். "டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்துச்சான்னு கேளுங்க" என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

ஒரு மரப்பாலத்தைக் கடந்து மேடு ஏறும்போது என் பெடல் கனத்தது. இரட்டைச் சைக்கிளில் இரண்டு பேர் பெடலும் ஒரே சங்கிலியில் சேர்ந்து சுற்றும். அவர் கால் அழுத்தவில்லை என்பதை என் காலில் தெரிந்துகொண்டேன். "டிரைவரே, நான் மட்டுந்தான் மிதிக்கிறேன் போல" என்றேன். "கொஞ்சம் நிறுத்திக்கிறேன் ரோஸ்" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிரேக் பிடித்தார். அதன் பிறகு வண்டி சாய்ந்தது, இருவரும் விழுந்தோம்.

என் கால் வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டது. காலை உருவிக்கொண்டு தரையைத் தடவித் தடவி அவரைத் தேடினேன். முதலில் ஒரு ஷூ கிடைத்தது, அதிலிருந்து மேலே போனேன். பாதையை விட்டு ஓரத்தில், ஒரு பெரிய மரத்தின் வேருக்கும் இலைக் குவியலுக்கும் நடுவில் கிடந்தார். குறட்டை போல மூச்சு வந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை.

அதன் பிறகு என் போனில் அவசர எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். காட்டின் பெயரைச் சொன்னேன். மரங்கள் அடர்த்தியாக இருப்பதால் போன் காட்டும் இடம் தெளிவாக இல்லை என்றும், சுற்றி என்ன தெரிகிறது என்றும் கேட்டார். "எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றேன். "பக்கத்துல பார்வை உள்ளவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்காரு. அவருதான் கீழ கிடக்காரு" என்றேன்.

பாதையோரம் எண் போட்ட கட்டைகள் நட்டிருக்கும், ஒன்று பக்கத்தில் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னார். திரும்பி வர வழி தெரிய வேண்டும் என்பதற்காகப் போனை ஒலிபெருக்கியில் போட்டு டெஸ்மண்டின் மார்பில் வைத்தேன், பேசிக்கொண்டே இருக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு மண்டியிட்டபடியே தவழ்ந்து போனேன். ஒரு கட்டை கிடைத்தது. நான்கு பக்கமும் தடவினேன். எண்ணைச் செதுக்கியிருக்கவில்லை, பெயிண்டால் எழுதியிருந்தார்கள். கட்டை வழவழப்பாக இருந்தது.

அந்தப் பெண்ணின் குரலை வைத்துத் திரும்பி வந்தேன். அதற்குள் குறட்டைச் சத்தம் நின்றிருந்தது. மூக்கின் கீழ் விரல் வைத்தேன், காற்று வரவில்லை. மரப்பாலத்தைத் தாண்டி ஒரு மேடு என்று நான் சொன்னதும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இடம் புரிந்துவிட்டது என்று அவர் சொன்னார். அதன் பிறகு போனை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அவர் எண்ண எண்ண நான் மார்பை அழுத்தினேன், நடுநடுவே வாயில் வாய் வைத்து ஊதினேன்.

இனி சொல்வது அந்த வழியாக வந்த ஒரு சைக்கிள்காரரைப் பற்றியது. நான் குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து ஒரு சைக்கிள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வேகம் குறைந்தது. ஓர் ஆண் குரல், வயது குறைந்த குரல், லேசாகச் சிரித்தபடி, "ஐயோ, சாரிங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றது. பெல் இரண்டு தடவை அடித்தது. நாங்கள் காதலர்கள் என்றும், மறைவாக ஒதுங்கியிருக்கிறோம் என்றும் அவர் நினைத்துவிட்டார் என எனக்குப் புரிந்தது. என் வாய் டெஸ்மண்டின் வாயில் இருந்தது. நிமிர்ந்து, நில்லுங்க என்று கத்துவதற்குள் சைக்கிள் பாலத்துப் பலகையைத் தாண்டிவிட்டது. மறுபடியும் கத்தினேன். போனில் அந்தப் பெண், "கையை எடுக்காதீங்க, அழுத்துங்க" என்றார். எழுந்து ஓடினால் அழுத்த முடியாது, அழுத்தினால் ஓட முடியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்றும் எனக்குத் தெரியாது. அழுத்தினேன்.

அதன் பிறகு தூரத்தில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. அது நெருங்கி வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. கேட் பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் போனை எடுக்கவில்லை, பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறார்கள், சத்தம் கொடுங்கள் என்று போனில் சொன்னார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இங்கே, இங்கே என்று கத்தினேன். கடைசியில் ஓடி வரும் காலடிகள் கேட்டன. ஒரு பெண், "நாங்க பாத்துக்கறோம், நீங்க விடுங்கம்மா" என்றார். விட வேண்டும் என்று தெரிந்தும் என் கைகள் விடவில்லை. அவர்தான் என் விரல்களைப் பிடித்து எடுத்துவிட்டார்.

வெகுநேரம் வேலை செய்தார்கள். அதன் பிறகு பேச்சு நின்றது. என்ன நடக்கிறது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டபோது அந்தப் பெண், "உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்கறத மறந்துட்டோம்மா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். அவர் இறந்துவிட்டார் என்பதை ஒருவருக்கொருவர் தலையை ஆட்டியே முடிவு செய்திருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் கிளெனிஸ் என் வீட்டுக்கு வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். "அவர் முகம் எப்படி இருந்துச்சு ரோஸ்? வலியில இருந்தாரா?" என்று கேட்டார். கன்னத்தில் இலை ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன், முகம் சூடாகத்தான் இருந்தது என்றேன். கண் திறந்திருந்ததா என்று கேட்டார். கண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றேன்.

அதன் பிறகு அந்தச் சைக்கிள்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று நான் போலீஸில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். "அவன் நின்னிருந்தா கேட்டைத் தாண்டிப் போய் ஆம்புலன்ஸ்காரங்களை சீக்கிரமாக் கூட்டிட்டு வந்திருப்பான். பாத்தான்னு சொல்லு. அது போதும் எனக்கு" என்றார். "பாத்தாரா இல்லையான்னு நான் எப்படி கிளெனிஸ் சொல்லுவேன்?" என்றேன். "எனக்காகச் சொல்ல மாட்டியா?" என்றார். அவர் அழுதாரா, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலி நகர்ந்தது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவர் எடுப்பதில்லை.

சார்ஜெண்ட் கேட்டதற்குச் சொல்கிறேன்: அந்த ஆள் உதவ மறுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. கிளெனிஸ் கேட்டதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஆள் நின்றிருந்தால் டெஸ்மண்ட் பிழைத்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது.

இதில் இருப்பது முழுவதும் என் காதால் கேட்டதும் கையால் தொட்டதும், அதை வைத்து நான் புரிந்துகொண்டதும்தான். கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை. எழுதியதை சார்ஜெண்ட் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. அவர் தாளில் வைத்துப் பிடித்திருக்கும் அளவுகோலின் விளிம்பைத் தடவிப் பார்த்து, அதற்கு மேலே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ரோஸலிண்ட் தாக்வெல்