தமிழில் வெட்டிய கல்

மனோர் பார்க்கில் நான் ஏறிய பஸ்ஸின் மேல்தட்டில், என் முன் இருக்கையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் மாதா கோயில் பங்குச் சபைத் தலைவர், மற்றவர் பொருளாளர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அங்கே இல்லாத ஒரு நர்ஸைப் பற்றி. மலாவியின் ஒரு குக்கிராமத்தில் இவர்கள் சபை கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருந்த ஒரே நர்ஸ்.

"ஆஸ்பத்திரி வாசல்ல பதிச்ச கல்லு இன்னும் பளபளவெண்டு இருக்குதாம் அண்ணை. நர்ஸ்தான் இல்லை," என்றார் பொருளாளர்.

"ஏன் போனவ?"

"நாலு மாசமாச் சம்பளம் அனுப்பேல்லையே. அவவின்ரை சம்பளத்துக்கெண்டு ஒதுக்கின காசிலதானே கல்லு வெட்டினனாங்கள். காசு தந்த எல்லாற்றை பேரும் தமிழில வரவேணும் எண்டு நிண்டது நீங்கள்."

"பேர் போடாட்டி எங்கடை சனம் காசு தருமே?"

"அங்கை ஆர் அண்ணை தமிழ் வாசிக்கிறது?"

"படம் எடுத்து வாட்ஸ்அப்பில போட்டால் இங்கை வாசிப்பினம்," என்று தலைவர் சிரித்தார்.

பொருளாளர் சிரிக்கவில்லை. "போன கிழமை ஒரு பிள்ளைத்தாய்ச்சி, பூட்டின கதவடியில, அந்தக் கல்லுக்குக் கீழதான் பகல் முழுக்கக் கிடந்தவவாம். அங்கத்தைய ஃபாதர் போனில அழுதவர். தாயும் செத்துப் போட்டா, பிள்ளையும் போட்டுது."

அப்டன் பார்க் வந்தது. மணியை அழுத்த எழுந்த தலைவர் அழுத்தாமலே திரும்ப உட்கார்ந்தார். பஸ் நிற்காமல் போனது.

"கல்லுக்கு எவ்வளவு முடிஞ்சது?"

"அந்த நர்ஸ் பிள்ளையின்ரை ஒரு வருசச் சம்பளம் அண்ணை. ஆயிரத்து இருநூறு பவுண்."