தாழியைக் கண்டெடுத்தவர் பெயர்

தலைவர் தணிகாசலம் அவர்களே, அம்மையாரின் தங்கை காந்தா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

இந்த ஆண்டில் நான் பேசும் நான்காவது இரங்கல் கூட்டம் இது. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இதுதான் வேலை போலிருக்கிறது. களைப்பாக இருக்கிறது, ஐயா! என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவருக்கு நான் பேசுவதா?

நம் அருங்காட்சியகத்தின் செய்தி அலுவலர் சம்பூர்ணம் அம்மையார், அறுபத்தாறாம் ஆண்டில் அங்கே தட்டச்சராக வந்தவர். 'செத்த காலேஜ்' என்று ஊரே ஒதுக்கிய இடத்துக்கு ஆள் வரவழைக்க அன்று யார் இருந்தார்கள்? அவரே செய்திக் குறிப்பு எழுதினார். பிழை திருத்த என்னிடம் கொண்டுவருவார். காலையில் சென்னைப் பேருந்தின் நடத்துநர் வீரபாகுவிடம் பத்திரிகைக்குப் போகும் உறையைக் கொடுப்பார்.

"இன்னாமா, இன்னிக்கும் செத்தவங்க சேதியா?" என்பார் வீரபாகு.

"உன் பஸ்ஸைவிட உசிரோட இருக்குதுபா, எடுத்துக்கினு போ!" என்பார் அம்மையார்.

ஏழு ஆண்டு கழித்துத்தான் அந்த வேலைக்கு ஒரு பதவிப் பெயரே கிடைத்தது!

அவர் செய்த தவறு ஒன்றையும் சொல்கிறேன். மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

திருப்புட்குழிப் பக்கம் கிணறு வெட்டியபோது முதுமக்கள் தாழி ஒன்று தட்டுப்பட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையாலேயே மண்ணைத் தள்ளி, உடையாமல் எடுத்தவர் கூலிக்கு வந்த செல்லியம்மாள். நிலத்துக்காரர் பெயர் இருந்தால்தான் பத்திரிகையில் போடுவார்கள் என்று எண்ணி, அவர் கண்டெடுத்ததாக அம்மையார் எழுதிவிட்டார். நானும் படித்தேன். இரண்டு ஒற்றுப் பிழையைத் திருத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.

செய்தி வந்தது. கூட்டமும் வந்தது. செல்லியம்மாளும் தம் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். அருங்காட்சியகத்தில் தாழிக்குப் பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"தோண்டனது நானு. ஒடையாம எடுத்தது நானு. அவரு கொடை புடிச்சிக்கினு நின்னாரு. என் பேரு எங்கம்மா போச்சு?"

அம்மையார் சாக்குச் சொன்னாரா? "தப்பு என்னுதுதாம்மா" என்றார். அன்றே பலகையை மாற்றி எழுத வைத்தார். பத்திரிகைக்கு மாதம் ஒரு திருத்தக் கடிதம் எழுதினார், இரண்டு ஆண்டுகள்! கடைசியில் நேரிலேயே போனார். "அது பழைய செய்தி அம்மா" என்றார் ஓர் உதவி ஆசிரியர். "ரெண்டாயிரம் வருஷத்துத் தாழி புதுச் செய்தி, ரெண்டு வருஷத்துத் திருத்தம் பழைய செய்தியா சார்?" என்று கேட்டார் அம்மையார். சிரித்தார்கள். போடவில்லை. சென்ற வாரம் அவருடைய மறைவுச் செய்தியில்கூட, 'நிலத்துக்காரர் கண்டெடுத்த தாழி' என்றே போட்டிருக்கிறார்கள்!

ஒருநாள் அம்மையார் என்னிடம் சொன்னார்: "படத்திறப்புச் செய்தியில எதை வெட்டினாலும், திறந்தவங்க பேரை மட்டும் வெட்ட மாட்டாங்க வாத்தியாரே."

தலைவர் படத்தைத் திறந்து வைப்பார் என்றுதான் அழைப்பிதழில் இருக்கிறது. சற்று முன் அவர் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். "எனக்கு இன்னாத்துக்கு? அவங்களையே கூப்பிடுங்க" என்றார்.

செல்லியம்மா, அங்கே கடைசியில் நிற்காதீர்கள். மேடைக்கு வாருங்கள்.

செய்திக் குறிப்பை எழுதியே வைத்திருக்கிறேன்: 'சம்பூர்ணம் அம்மையாரின் படத்தை, திருப்புட்குழித் தாழியைக் கண்டெடுத்த செல்லியம்மாள் திறந்து வைத்தார்.' நாளைக் காலை வீரபாகுவிடம் நானே கொடுப்பேன். போடவில்லை என்றால்? அடுத்த மாதக் கடிதம் என்னுடையது. அதற்கடுத்த மாதமும் என்னுடையதே.

திரையை விலக்குங்கள், அம்மா.