முதல் கவளம்

பிரியாணிக்கு உப்பு பார்க்க நான் வாயில் வைப்பதில்லை சார், வாசனையே போதும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முழுக்க என் சமையலைத்தான் சாப்பிடும். விடியுமுன் மார்சிலிங் வீட்டிலிருந்து கிளம்பி, தேக்கா சந்தையில் கறி வாங்கி, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சபையில் அடுப்பு மூட்டுவேன். யாரும் செய்யச் சொன்னதில்லை, யாரும் நிறுத்தச் சொன்னதும் இல்லை.

இருதயராஜ் என் கூடப்பிறந்த ஒரே தம்பி. வீட்டில் ராஜு. குடிப்பான், சூதாடுவான். அம்மா தூங்கும்போது அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனவன். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபின் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிட்டது நான். எனக்கு வந்த வரன்களை எல்லாம் அதற்காகவே தட்டிக்கழித்தேன். அந்த அம்மா தினமும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "ராஜு வந்தானா?" அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை.

பிறகு ஒருநாள் சபைக்கு வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதான். அடுத்த வாரமே சபை முன்னால் எழுந்து சாட்சி சொன்னான், சங்கிலிக் கதை உட்பட எதையும் மறைக்காமல். "என்கிட்ட நல்லதுன்னு ஒண்ணும் இல்ல, எல்லாம் கிருபை" என்றான். சபையே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன்.

அன்று பாஸ்டர் பிரசங்கித்தது இதுதான்: நாம் செய்யும் நற்கிரியைகளால் இரட்சிப்பு வராது, அது இலவசமாகக் கிடைப்பது. நற்கிரியை பிறகு தானாக வரும். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னம்மாக்கா, உங்க பிரியாணிகூட உங்களைப் பரலோகத்துக்குக் கொண்டுபோகாது லா."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டால் அதன்படி யோசிக்க வேண்டும், இல்லையா? ஞானஸ்நானம் எடுக்கும் நிமிஷத்தில் ஒருவனுடைய பழையதெல்லாம் கழுவப்பட்டுவிடுகிறது. அதற்குமேல் வாழ்ந்து அவன் சேர்க்க ஒன்றுமில்லை, இழக்கத்தான் முடியும். ராஜுவை எனக்குத் தெரியும். பின்மாறிப் பழைய குடிக்கே போய்விடுவான். அவனைக் காப்பாற்ற நினைத்தேன்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இறால் ஆகாது. கொஞ்சம் பட்டாலும் தொண்டை அடைத்துவிடும். அதற்கான ஊசி எப்போதும் அவன் தோள்பையில் இருக்கும். சபைச் சமையலிலும் அவனுக்கு மட்டும் தனிச்சட்டி வைப்பேன். என் கைச்சாப்பாடு என்றால் அவன் எதையும் விசாரிக்கமாட்டான்.

ஒரு வருஷம் கழித்து அவனுக்கு ஞானஸ்நானம், சாங்கிக் கடலில். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவரின் உடைமையை நெருங்கிய சொந்தம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கரையேறியதும் துண்டு போர்த்தி முதல் கவளம் ஊட்ட வேண்டும். அவனுக்கு என்னைவிட்டால் யார்? பையைக் கொடுத்துவிட்டு இறங்கினான். அதைச் சபை வேனில் வைத்துப் பூட்டினேன்.

ஈரத் தலையோடு வந்து என் முன்னால் நின்றான்.

"என்னை மன்னிச்சிட்டியாக்கா?"

"எப்பவோ மன்னிச்சிட்டேன். வாயைத் திற."

அன்றைய தனிச்சட்டியில் மசாலாவோடு உலர்ந்த இறாலையும் அரைத்துச் சேர்த்திருந்தேன். நீங்கள் சட்டியைச் சோதித்துக் கண்டுபிடித்தீர்கள். கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். முதல் கவளத்தைச் சிரித்துக்கொண்டே விழுங்கினான். இரண்டாவதில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பை எங்கே என்று கேட்க அவனுக்குக் குரல் வரவில்லை. சுற்றிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். உணர்ச்சிவசப்பட்டு மண்டியிடுகிறான் என்று நினைத்தார்கள். யாரோ பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது வேன் சாவியைத் தேடுகிற மாதிரி நான் கூடையைத் துழாவிக்கொண்டிருந்தேன். சாவி என் கைக்குள்தான் இருந்தது.

அடக்கத்தில் பாஸ்டரும் இதையேதான் சொன்னார்: இருதயராஜ் கழுவப்பட்டவனாகவே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் செய்ததிலேயே பெரிய நன்மை அது. அதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை, தெரியும்.

சாட்சி சொன்ன பிறகு அவன் குடித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒரு வருஷம் கவனித்தேன். பக்கத்தில் வந்தால் மூச்சை முகர்ந்தேன். சட்டைப்பையைத் துழாவினேன். அவனுடைய பழைய கூட்டாளிகள் உட்காரும் காப்பிக்கடைக்குக்கூடப் போய் எட்டிப்பார்த்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அவன் விழட்டும் என்று கர்த்தரிடம் முழங்கால் போட்டுக் கேட்டேன் சார். அவன் விழவே இல்லை.