ஒரே ஓட்டில் தோற்றவர்

வடசேரியிலிருந்து குலசேகரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் என்று பேச்சிலிருந்து தெரிந்தது; அண்ணியை ‘மைனி’ என்று அழைத்தாள் இளையவள். இதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த சர்ச் சபைக் கமிட்டிக்குத் தேர்தலில் நின்று, முந்தின நாள் ஒரே ஓட்டில் தோற்றிருந்தார் மைனி.

தக்கலை தாண்டியதும் இளையவள் சொன்னாள்: “மைனி, ஒங்களத் தோக்கடிச்சது நாந்தான். ஒங்கள எதிர்த்து நின்ன அந்த சாருக்குத்தான் போட்டேன்.”

மைனி மெதுவாகத் திரும்பினார். “ஒனக்க மாப்பிள மிரட்டினானா?”

“இல்ல மைனி. அவிய ஒங்களுக்குப் போடத்தான் சொன்னாவ.”

“பின்னே?”

“சீட்டக் கையில வாங்கினதும், ஆம்பிளையளுக்கு நடுவுல ஒரு பெம்பிள இருந்து அதிகாரம் பண்ணினா நல்லாவா இருக்கும்னு எனக்கே தோணிச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல்ல.”

“எனக்க கூட வீடு வீடா ஏறி எறங்கினியே, ஏட்டி!”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இளையவள் அழுதாள். “அடிக்கணும்னா அடியுங்க மைனி.”

மைனி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தபடி ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நான் யாருக்குப் போட்டேன்னு நெனைக்க?”

“ஒங்களுக்குத்தானே?”

“எனக்க பேருக்கு நேரா நானே குத்தினா, பதவி ஆசை பிடிச்சவள்னு ஆயிருமேன்னு நெனச்சேன். மறைவுலதான் நின்னேன், யாரும் பாக்கல்ல. ஆனாலும் கூசிச்சு, ஏட்டி. அந்த சாருக்கே குத்திட்டு வந்துட்டேன்.”