மாமியார் விழுந்துட்டாங்க

நூத்தி இருபத்தாறு தடவைங்க. நாலே நாள்ல. எந்த மாமியாராவது நாலு நாள்ல நூத்தி இருபத்தாறு தடவை விழுந்து, நூத்தி இருபத்தாறு தடவை எந்திரிப்பாங்களா, சொல்லுங்க பாப்போம்...

ஐயோ, என்னை அப்படிப் பாக்காதீங்க. அந்தத் திரைக்கு உள்ள கால்ல கட்டுப் போட்டுக்கிட்டிருக்காங்களே, அவங்கள சொல்லல. அவங்க நிஜ மாமியார். என் வீட்டுக்காரரைப் பெத்தவங்க. அத்தைன்னு கூப்பிடுவேன். அவங்க விழுந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் இன்னைக்குக் காலையில, பாத்ரூம் வாசப்படியில. நான் வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டிருக்கறது ஆபீஸ் மாமியாரை நினைச்சு. அந்த மாமியாராலதான் இந்த மாமியார் என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க. நான் வந்து கிட்ட நின்னதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்கங்க. பன்னெண்டு வருஷத்துல சண்டை போட்டிருக்கோம், தட்டை டொக்குனு வச்சிருக்கோம், பேசாம மட்டும் இருந்ததே இல்ல. எக்ஸ்ரே எடுக்கறவர் வலிக்குதாம்மான்னு கேட்டா அவர்கிட்ட சொல்றாங்க. நான் கேட்டா செவுத்தைப் பாக்கறாங்க. எனக்கு அழுகையா வருது, அதான் பேசிக்கிட்டே இருக்கேன். உங்களுக்குத் தொந்தரவா இல்லையே? கைதானே உடைஞ்சிருக்கு, காதுக்கு ஒண்ணும் இல்லையே...

எங்க விட்டேன்? ஆங், ஆபீஸ். பத்திரிகை ஆபீஸ்ங்க. எழுதறவ இல்ல நான். அங்க ஸ்டோரேஜ்னு ஒரு பெட்டி இருக்கு, பீரோ உசரம், உள்ள பூரா டிஸ்க். முப்பது வருஷத்துப் போட்டோ, அச்சடிச்ச பக்கம், எல்லாம் அதுக்குள்ளதான். அதைக் கட்டி மேய்க்கறது என் வேலை. அதோட முதுகுல நெட்வொர்க் வயர் சொருகற இடம் நாலு இருக்கு. போர்ட்டுன்னு சொல்லுவோம். நாலு வாசல்னு வச்சுக்குங்களேன். ஆபீஸ்ல யாருக்கு எந்தப் போட்டோ வேணும்னாலும் அந்த நாலு வாசல் வழியாத்தான் வந்தாகணும். ஒண்ணு படுத்துட்டா மத்தது தாங்கிக்கும், அப்படி ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனா படுத்தது யாருக்கும் தெரியாது பாருங்க. போன மாசம் ஒரு வாசல் படுத்து பதினெட்டு நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. மேனேஜர் கூப்பிட்டு வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். "விழுந்தா உனக்குத் தெரிய வேணாமாம்மா"ன்னார். நியாயம்தானே? சரின்னு உக்காந்து, நாலு வாசலுக்கும் கண்காணிப்பு போட்டேன். எது விழுந்தாலும் அடுத்த நொடி என் போனுக்கு மெசேஜ் வரணும்.

அங்கதான் வந்துது வினை. அந்த மெஷின் வாசலுக்கு வச்சிருக்கற பேரு இருக்கே, வண்டி நம்பர் மாதிரி. நாலும் ஒண்ணு போலவே இருக்கும். அவசரத்துல எது எதுன்னே புரியாது. அதனால நானா பேரு வச்சேன். மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன். சிரிக்கறீங்களா? சிரிங்க. கிண்டலுக்கு வைக்கலைங்க, சத்தியமா. பாதிச் சுமை அந்த முதல் வாசல் மேலதான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. எங்க வீட்டுல அப்படி யாருன்னு யோசிச்சேன், வேற பேரே வாயில வரல. நாத்தனார்னு வச்சேனே, அது வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வேலை செய்யும், செஞ்சா ஊருக்கே தெரியும். அதை விடுங்க, அது வேற கதை.

மெசேஜையும் நானே தமிழ்ல எழுதினேன். இங்கிலீஷ்ல வந்தா கண்ணு தானா தாண்டிப் போயிடுது. விழுந்தா "மாமியார் விழுந்துட்டாங்க." எந்திரிச்சா "மாமியார் எந்திரிச்சிட்டாங்க." அடக்க ஒடுக்கமா, ரெண்டே வார்த்தை.

என்ன, அந்தப் பெஞ்சுக்குப் போறீங்களா? ஃபேன் காத்து இங்க வரலையா? இருங்க, நானும் வரேன். பையை நான் எடுத்துக்கறேன், நீங்க கையைப் பார்த்துக்குங்க.

ஆங்... திங்கக்கிழமை காலையில டிபன் பாக்ஸைத் திறக்கறேன், டிங். மாமியார் விழுந்துட்டாங்க. அப்படியே மூடி வச்சுட்டு ஓடறேன். பெட்டியோட பின்கதவைத் திறந்து பார்த்தா பச்சை விளக்கு ஜம்முனு எரியுது. டிங். எந்திரிச்சிட்டாங்க. திரும்பி வந்து வாயில வைக்கறேன், டிங். இப்படியே நாலு நாளு. என்ன ஆச்சுன்னா, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கற மாதிரி வச்சிருந்தேன். ஒரே ஒரு தடவை பதில் வரலைன்னாலும் உடனே ஒப்பாரி. மெஷினோட வந்த புஸ்தகத்துல தெளிவாப் போட்டிருக்கான், மூணு தடவை கேட்டுப் பாரு, ஒரு நிமிஷம் பொறு, அப்புறமா ஊரைக் கூட்டுன்னு. பதினெட்டு நாள் கோட்டை விட்டவளுக்கு ஒரு நிமிஷம் பொறுக்க மனசு வருமா? நானும் அந்தப் பக்கத்தைப் படிச்சேன், படிச்சுட்டு அதைத்தான் மாத்தினேன்.

வயரோட அந்த முனை சொருகியிருக்கற பெட்டிக்கு சுவிட்ச்னு பேரு, அது இன்னொருத்தன் பொறுப்பு. ஆபீஸ்ல அவனுக்குப் பேரே சுவிட்ச்னு ஆயிடுச்சு. அவன்கிட்ட போய் நின்னேன். உன் பக்கம்தான் கோளாறுன்னேன். இல்லக்கா, உங்க மாமியாருக்குத்தான் வயசாயிடுச்சுன்னான். அன்னையிலேருந்து ஒரே கேலி. அவன் போன்லேருந்து, அவன் பக்கத்து சீட்டுக்காரன் போன்லேருந்து, கேன்டீன் போன்லேருந்து கூட மெசேஜ். மாமியார் சௌக்கியமா, மாமியாருக்கு டாக்டர் வேணுமான்னு. எனக்குத் தலை கிர்ருனு சுத்துது. கடைசியில டிங்னு கேட்டா போனைக் கூட எடுக்கறதில்ல, கட்டை விரலால ஒரு தள்ளு.

இன்னைக்குக் காலையில பத்து மணி பத்து நிமிஷம். தெரியாத நம்பர். "மாமியார் விழுந்துட்டாங்க, உடனே வாங்க." எனக்கு வந்துதுங்க கோவம். சுவிட்ச் புதுசா எவன் போனையோ வாங்கிட்டான்னு நினைச்சேன். நினைக்க மாட்டேனா? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

அது எங்க எதிர்வீட்டுத் தையல்காரம்மா. போன வாரம்தான் புது நம்பர் வாங்கினாங்களாம்.

நான் பதில் போட்டேன். அழிக்கல, இருக்கு. இருங்க, படிக்கறேன். கேக்க மாட்டேன்னு தலையாட்டாதீங்க, யார்கிட்டயாவது நான் சொல்லியாகணும். "தெரியும். நாலு நாளா அவங்களுக்கு இதே பொழப்பு. ஒரு தட்டு தட்டிப் பாருங்க, எந்திரிச்சிடுவாங்க. மறுபடி விழுந்தா கழட்டி ஓரமாப் போட்டுட்டு புதுசு மாத்திக்கலாம்."

...ம். நீங்களும் வாயில கையை வச்சுக்கிட்டீங்க பாருங்க.

தையல்காரம்மாவுக்கு எதையும் சத்தமாத்தான் படிக்க வரும். அத்தை வாசப்படியில காலை நீட்டி உக்காந்துகிட்டு, என்ன போட்டிருக்கா, படின்னு கேட்டிருக்காங்க. இவங்களும் படிச்சிருக்காங்க. முழுசா. கழட்டி ஓரமாப் போட்டுட்டு வரைக்கும்.

நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேக்கறீங்களா? சுவிட்ச்சோட சட்டையைப் பிடிக்காத குறையா இழுத்துட்டுப் போய்ப் பெட்டிக்குப் பின்னால டார்ச் அடிச்சுக்கிட்டிருந்தேன். பன்னெண்டு மணிக்குக் கண்டுபிடிச்சோம். வயரு கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல நசுங்கியிருக்கு. யாரு நசுக்கினது? நான்தான். மாமியார்னு சீட்டு எழுதி ஒட்டி, வயரை அழகா சேர்த்துக் கட்டினேனே, அந்தக் கட்டுதான் புடைச்சுக்கிட்டு கதவுல மாட்டியிருக்கு. அந்தப் பக்கமா யாரு நடந்தாலும் கதவு அதிரும், மாமியார் விழுவாங்க. வயரை எடுத்து விட்டுட்டு, ஏதோ ஜெயிச்சுட்ட மாதிரி நிமிர்றேன், டிங். அதே நம்பர். இந்தத் தடவை போட்டோ. பூப்போட்ட நைட்டி, அதுக்குக் கீழ வீங்கின ஒரு கால், பக்கத்துல எங்க வீட்டு நீல வாளி. ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஏதுங்க காலு? ஒரு நிமிஷம் எனக்குப் புரியவே இல்ல. அப்புறம் புரிஞ்சுது. இங்க எப்படி வந்து சேர்ந்தேன்னு தெரியாது, அதுக்குள்ள தையல்காரம்மாவே அத்தையை ஆட்டோவுல கொண்டு வந்து சேர்த்திருந்தாங்க.

ஆனா என்னைக் கொல்றது அது இல்லைங்க. தையல்காரம்மா இப்ப வீட்டுக்குப் போறப்ப சொல்லிட்டுப் போனாங்க. விழுந்ததும் அத்தைகிட்ட, புள்ளைக்கு போன் பண்ணட்டுமான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு இவங்க, "அவன் பதறுவானே தவிர வர மாட்டான். மருமகளுக்குச் சொல்லு, பறந்து வந்துடுவா"ன்னாங்களாம். நான் போட்ட அந்த பதிலைக் கேட்ட பிறகும், ஆஸ்பத்திரிக்கு இப்ப வேணாம், இருன்னு ரெண்டு மணி நேரம் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். வீங்கின காலோட...

என்ன சிஸ்டர்? சத்தமாப் பேசறேனா? மன்னிச்சுக்குங்க, என் குரலே அப்படி... உள்ள வரைக்கும் கேக்குதா? எதுலேருந்து? முதல்லேருந்தா?

அத்தை சிரிக்கறாங்களா, முறைக்கறாங்களா? ...ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்களா? உங்ககிட்டயா? என்ன கேக்கச் சொன்னாங்க?

"அந்த மாமியாருக்கு எத்தனை தடவை ஓடினாளாம்"னா?

...கேட்டுட்டாங்க. உங்க மூலமாவாவது கேட்டுட்டாங்கல்ல. இல்ல சிஸ்டர், நீங்க போய்ச் சொல்லாதீங்க. நானே வரேன். ஏங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க... அட, எங்க போயிட்டாங்க? சரி, போகட்டும், பாவம்.

அத்தை... நாப்பது தடவை ஓடினேன் அத்தை, அந்த வயருக்கு. உங்களுக்கு ஒரே தடவை, அதுவும் ரெண்டு மணி நேரம் கழிச்சு. திட்டுங்க. சிஸ்டர்கிட்ட இல்ல, என்னைப் பார்த்துத் திட்டுங்க.